ரோட்டரி எஞ்சினும் விமானி அறையின் குளிரும்

சொந்தக் கையால் விமானம் கட்டுகிறவர்கள் வெவ்வேறு காரியங்களுக்காக வருஷம் முழுவதும் என் பட்டறைக்கு வந்துகொண்டிருந்தாலும், விமானி அறைக்குச் சூடு வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் மட்டும் பெரும்பாலும் நவம்பர் மாதத்தில்தான் வருவார்கள். பல வருஷம் பாடுபட்டுக் கட்டிய விமானத்தைக் கோடையில் முதன்முதலாக ஆகாயத்தில் ஏற்றி, கார் எஞ்சின் பொருத்திய விமானங்களுக்குச் சாதாரணமாக விதிக்கப்படும் 40 மணி நேரச் சோதனைப் பறத்தலையும் முடித்து, இனி நினைத்த ஊருக்குப் போய் வரலாம் என்ற சந்தோஷத்தில் அவர்கள் இருக்கும் சமயத்தில்தான் குளிர்காலம் வந்து சேரும். ஆயிரம் அடி உயர்ந்தால் சுமார் 2 டிகிரி செல்சியஸ் உஷ்ணம் குறையும் என்பது விமானம் ஓட்டுகிற எல்லாருக்கும் பாடமான கணக்கு. ஆனால் தரையில் நீர் உறையும் நிலையில் புறப்பட்டு எட்டாயிரம் அடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து, விரல் மரத்து, ரேடியோவின் குமிழைத் திருப்பக்கூட முடியாமல் இறங்கி வந்த பிறகுதான் அந்தக் கணக்கு உடம்பில் ஏறுகிறது.

கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் கற்றுக்கொண்ட கைத்தொழிலோடு விஸ்கான்ஸின் மாநிலத்துக்கு வந்து, முதலில் மாஸ்டா கார்களின் எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டும் வேலையிலும், பிறகு அதே எஞ்சின்களை விமானத்தில் பொருத்துகிறவர்களுக்கு ஒத்தாசை செய்வதிலும் என் ஆயுளில் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். 1953-இல் பால் போபெரெஸ்னி மில்வாக்கியில் தொடங்கிய சோதனை விமானச் சங்கம் 1970 முதல் ஆஷ்காஷ் நகரத்தில் ஆண்டுதோறும் கூடுகிறது என்பதையும், அந்தக் கூட்டம் ஜூலைக் கடைசியின் கொளுத்தும் வெயிலில் நடக்கிறது என்பதையும் நினைத்துப் பார்த்தால், குளிரைப் பற்றிய சிந்தனை ஏன் எல்லாவற்றுக்கும் கடைசியில் வருகிறது என்பது விளங்கும். புல்தரையில் வரிசையாக நிற்கும் விமானங்களுக்கு நடுவே, எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, தண்ணீர் எத்தனை டிகிரிக்கு ஏறுகிறது, எண்ணெய் எத்தனை டிகிரிக்கு ஏறுகிறது, ரேடியேட்டருக்குக் காற்று போதுமா என்று மணிக்கணக்காக விவாதிப்பார்கள். எஞ்சினைக் குளிர வைப்பதற்கே போராடிக்கொண்டிருக்கிறவனுக்கு, அந்த உஷ்ணத்தில் ஒரு துளி தன் காலடிக்கு வேண்டியிருக்கும் என்ற எண்ணம் எப்படி வரும்?

அந்தப் போராட்டத்துக்குக் காரணம் எஞ்சினின் சுபாவத்திலேயே இருக்கிறது. மாஸ்டாவின் 13பி எஞ்சினில் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. முக்கோண வடிவமான இரண்டு ரோட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் 654 கன சென்டிமீட்டர் என்ற கணக்கில், நடுத்தண்டைச் சுற்றிவருகின்றன. 1980-களின் நடுப்பகுதி முதல் ஆர்எக்ஸ்-7 கார்களில் லட்சக்கணக்கில் ஓடிய இந்த எஞ்சின், பழைய கார்களை உடைத்து விற்கும் இடங்களில் சகாய விலைக்குக் கிடைத்ததும், நகரும் பாகங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியதாக இருந்ததும், உடையக்கூடிய வால்வோ முறியக்கூடிய கனெக்டிங் ராடோ அதில் இல்லாததும், இடையில் ஒரு கியர்ப்பெட்டி வைத்து வேகத்தைக் குறைத்தால் விமானச் சுழலியை அமைதியாகச் சுற்றியதும், கையில் பணம் குறைவாகவும் பொறுமை அதிகமாகவும் இருந்த கட்டுநர்களை இழுத்தன. ஆனால் அது பெட்ரோலை எரித்துப் பிறப்பிக்கும் உஷ்ணம் மூன்று வழியாக வெளியேறுகிறது. சுற்றுச்சுவர்களுக்குள் ஓடும் தண்ணீர் ஒன்று. ரோட்டர்களின் வயிற்றுக்குள் பீய்ச்சப்படும் எண்ணெய் இரண்டாவது. இந்த இரண்டும் சேர்ந்து சுமக்கும் உஷ்ணத்தில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கை எண்ணெயே தாங்குகிறது. மூன்றாவது புகைவழி. வால்வின் தடையில்லாமல் திறந்துகொள்ளும் அந்த வாயில் வழியே, பிஸ்டன் எஞ்சினில் சாதாரணமாகக் காணாத 1600 டிகிரி ஃபாரன்ஹீட்டையும் தாண்டிய வாயு பாய்ந்து வருவதால், பறக்கும்போது குழாய் செந்தணலாக ஜொலிக்கும்.

ஆகவே, உஷ்ணத்துக்கு இங்கே பஞ்சமே இல்லை. அந்த உஷ்ணத்தை மட்டும், அதைச் சுமந்து வரும் நச்சுவாயுவோ, கொதிநீரோ, எண்ணெயோ, நெருப்போ கூடவே ஒட்டிக்கொண்டு வராதபடி, தீத்தடுப்புச் சுவரைத் தாண்டி மனிதன் உட்காரும் இடத்துக்குக் கொண்டுவருவதுதான் வேலை. இத்தனை வருஷத்தில் நான் செய்ததும், செய்யவேண்டாம் என்று மற்றவர்களைத் தடுத்ததும் இந்த ஒரு காரியத்துக்குள் அடங்கிவிடும்.

விமான உலகத்தின் பழைய சம்பிரதாயம் புகைக்குழாயைச் சுற்றி ஒரு தகட்டு உறையைப் போர்த்துவது. வெளிக்காற்று அந்த உறைக்கும் குழாய்க்கும் இடையே புகுந்து, சூடேறி, ஒரு தடித்த ஹோஸ் வழியாக அறைக்குள் போகும். லைகமிங், கான்டினென்டல் முதலிய காற்றால் குளிரும் எஞ்சின்களில் வெந்நீர் என்பதே கிடையாதாகையால் அவர்களுக்கு இதைவிட எளிய வழியில்லை. செஸ்னா, பைப்பர் விமானங்கள் எல்லாம் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாகப் பறக்கின்றன. அவற்றைப் பார்த்துப் பழகிய கண்ணோடு ரோட்டரி எஞ்சினுக்கு வருகிறவர், அதே உறையை இதற்கும் போடலாம் என்று நினைப்பது இயல்பே.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் அப்படிப் போட்டிருந்தார். வேலையில் மிகவும் சுத்தமானவர். அவருடைய ரிவெட் வரிசையை நூல் பிடித்துப் பார்க்கலாம். கடைசி வெல்டுக்கு அப்பால், நேரான பகுதியில்தான் உறையைப் பொருத்தியிருந்தார். வருஷாந்தர சோதனைக்காக அந்த உறையைப் பிரிக்கும்போது நான் பக்கத்தில் இருந்தேன். வெளியிலிருந்து பார்த்தால் குழாயில் ஒரு குற்றமும் இல்லை. உறையின் உட்புறத் தகட்டில் மட்டும், கட்டைவிரல் அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல், விசிறி விரிந்தாற்போல் படிந்திருந்தது. அந்தத் தீற்றல் தொடங்கிய இடத்துக்கு நேர் எதிரே குழாயைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, தலைமயிரைவிடச் சன்னமான ஒரு விரிசல், குழாயின் சுற்றளவில் கால்வாசிக்கு ஓடியிருந்தது. குழாய் சாதாரண 304 எவர்சில்வர். உறை போர்த்திய இடத்தில் வெளிக்காற்று நேராகத் தீண்டாததால், மற்ற இடத்தைவிட அங்கே உலோகம் அதிகமாகக் காய்ந்திருக்கிறது. அறைச் சூட்டை நிறுத்திவைத்த வேளையில் உறைக்குள் காற்றோட்டமே இல்லாமல் வெந்திருக்கிறது. அவரும் மனைவியும் அந்த விமானத்தில் அடிக்கடிப் போய்வந்தவர்கள். அவர் விரிசலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல், உறையை இரண்டாக மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. இரத்தத்தில் பிராணவாயுவை ஏந்திச் செல்லும் ஹீமோகுளோபினோடு, பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்வது அதன் குணம். உயரத்தில் பிராணவாயு ஏற்கனவே குறைவு. அந்தக் குறையோடு இந்த விஷமும் சேர்ந்தால், விமானியின் புத்தி மங்குவதை விமானியே அறியமாட்டான். 2019 ஜனவரி 21 அன்று கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவைப் பிரான்ஸின் நாந்த் நகரிலிருந்து கார்டிஃபுக்கு ஏற்றிவந்த பைப்பர் மாலிபு விமானம் ஆங்கிலக் கால்வாயில் விழுந்த செய்தியைப் பலரும் படித்திருப்பார்கள். கண்டெடுக்கப்பட்ட அவருடைய உடலின் இரத்தத்தைச் சோதித்ததில், ஹீமோகுளோபினில் 58 சதவீதத்தை இந்த வாயு பிடித்துவைத்திருந்தது தெரியவந்தது. முறையாகத் தொழிற்சாலையில் கட்டி, சான்றிதழ் பெற்ற விமானத்துக்கே அந்த அபாயம் உண்டு என்றால், அதைவிடச் சூடான புகையைக் கையால் வளைத்த குழாயில் அனுப்புகிறவன் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்! ரோட்டரி எஞ்சினில் புகைக்குழாய்ச் சூட்டை அறைக்குள் விடுவதற்கு நான் சம்மதிப்பதில்லை. 321 எவர்சில்வரும் இன்கொனெலும் வந்தபின் குழாய்கள் நீடித்து உழைக்கின்றன என்பது மெய். ஆனாலும் என் அபிப்பிராயம் மாறவில்லை.

அப்படியானால் மிஞ்சுவது வெந்நீர். இந்த எஞ்சின் பிறந்ததே காருக்காகையால், காரில் அறைச் சூட்டுக்கென்று வைத்த தண்ணீர் வாயில் எஞ்சினிலேயே தயாராக இருக்கிறது. அதை விமானத்தில் வேண்டாமென்று அடைத்து வைத்திருப்பார்கள். அந்த அடைப்பைக் கழற்றி, அங்கிருந்து ஒரு ஹோஸை ஒரு சிறு காரின் ஹீட்டர் கோருக்குக் கொண்டுபோய், திரும்பி வரும் ஹோஸைத் தண்ணீர்ப் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் சேர்த்தால், சிறிய ரேடியேட்டர் ஒன்று கிடைத்துவிடுகிறது. எவ்வளவு சூடு கிடைக்கும் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்வேன். இரண்டு அங்குலக் குழாயில் விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் காற்றை விட்டு, அதை 60 டிகிரி சூடாக்கினால், ஏறக்குறைய 2 கிலோவாட் உஷ்ணம் அறைக்குள் வரும். இரண்டு பேர் உட்காரும் விமானத்துக்கு அது தாராளம். முழு வேகத்தில் எஞ்சின் தண்ணீரில் கொட்டும் உஷ்ணமோ பல பத்துக் கிலோவாட். இந்த இரண்டை எடுத்துக்கொள்வது எஞ்சினுக்குத் தெரியவே தெரியாது.

சண்டை வருவது அந்த ஹீட்டர் கோரை எங்கே வைப்பது என்பதில்தான். காரில் இருப்பதுபோல அறைக்குள், கருவிப் பலகைக்கு அடியில் வைத்தால், உள்ளே இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சூடாக்கலாம், ஒரு சிறு மின்விசிறி போதும், கட்டுவதும் எளிது. பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் காரில் அந்தக் கோர் ஒழுகினால் ஓரமாக நிறுத்திக் கதவைத் திறந்துகொள்ளலாம். விமானத்தில், 90 டிகிரியில் அழுத்தத்தோடு இருக்கும் கிளைகால் கலந்த நீர் கால்மேல் பீறிட்டால், வேதனை ஒருபுறம் இருக்க, அடுத்த கணத்தில் அந்த ஆவி கண்ணாடிக் கூண்டின் உட்புறம் முழுவதும் பிசுபிசுப்பாகப் படிந்து வெளியே ஒன்றுமே தெரியாமல் அடைத்துவிடும். துணியால் துடைத்தாலும் போகாது. தரையில் எஞ்சினை ஓட்டிச் சோதித்தபோது இப்படி ஒன்று நேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். தித்திப்பான ஒரு வாசனை முதலில் வந்தது, அது என்ன என்று யோசிப்பதற்குள் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. அந்த வாசனையை அறிந்தவர்கள் அதன் பிறகு கோரை அறைக்குள் வைக்கத் துணியமாட்டார்கள்.

ஆகையால் கோர் தீத்தடுப்புச் சுவருக்கு முன்னால், எஞ்சின் பக்கத்திலேயே இருக்கட்டும். சூடான காற்று மட்டும் சுவரைத் தாண்டட்டும் என்பது என் கட்சி. மெல்லிய தகட்டில் ஒரு பெட்டி செய்து கோரை அதற்குள் உட்கார வைத்து, எஞ்சின் மூடியின் முகப்பில் தனியாகத் திறந்த ஒரு வாயிலிலிருந்து சுத்தமான காற்றை அதற்குக் கொடுக்கவேண்டும். பெரிய ரேடியேட்டருக்குப் பின்னால் வரும் காற்று ஏற்கனவே சூடாகத்தானே இருக்கிறது, அதையே எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் காற்று எஞ்சினைச் சுற்றிவந்த காற்று. புகைக்குழாயின் இணைப்புகளைத் தடவி வந்த காற்று. அதில் என்ன கலந்திருக்கிறது என்று யாரும் உத்தரவாதம் சொல்ல முடியாது. சுவரைத் தாண்டும் இடத்தில் வைக்கும் காற்றுக் கதவு எவர்சில்வரால் ஆனதாக இருக்கவேண்டும். கடையில் கிடைக்கும் அலுமினியப் பெட்டிகள் இலேசாகவும் மலிவாகவும் இருக்கும். ஆனால் எஞ்சின் பக்கம் தீப்பிடித்தால் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் அலுமினியம், 2000 ஃபாரன்ஹீட் சுவாலையை 15 நிமிஷம் தாங்கவேண்டிய சுவரில் இரண்டு அங்குலத் துவாரத்தைத் திறந்து வைத்துவிடும். தகட்டு உறையோடு ஒப்பிட்டால் இந்த முறையில் மற்றொரு அனுகூலம் உண்டு: சூடு வேண்டாதபோது காற்றை முழுவதும் நிறுத்திவிடலாம். புகைக்குழாய் உறைக்கு எந்நேரமும் காற்று ஓடியாக வேண்டும். கோருக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் ஒன்று உண்டு. அதை நான் ஒருநாளும் அலட்சியமாகத் தள்ளியதில்லை. எஞ்சினின் உயிர் ஒரே தண்ணீர்ச் சுற்றில் இருக்கும்போது, கால் சூடாக இருப்பதற்காக அதில் இரண்டு ஹோஸும் நாலைந்து இணைப்பும் கூட்டுவது புத்திசாலித்தனமா என்று ஒரு பெரியவர், பழைய ஏர்லைன் மெக்கானிக், என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. தண்ணீர் முழுவதும் போனால் ரோட்டர் உறைக்கும் பக்கச் சுவருக்கும் இடையே இருக்கும் ரப்பர் வளையங்கள் வெந்துபோகும். எஞ்சின் கொஞ்ச தூரம் தள்ளாடி ஓடலாம், அதை நம்பிக் காட்டின் மேல் பறக்க முடியாது. அவருக்கு நான் சொன்ன பதிலையே இன்றும் சொல்கிறேன். வெந்நீர் வெளியேறும் இடத்தில், எஞ்சினுக்கு ஒட்டினாற்போல், விமானியின் கையிலிருந்து கேபிளால் மூடக்கூடிய ஒரு வால்வு. திரும்பி வரும் ஹோஸில், நீர் எதிர்த்திசையில் போகாதபடி தடுக்கும் ஒருவழி வால்வு. இந்த இரண்டும் இருந்தால், கோரோ ஹோஸோ ஒழுகினாலும் மற்ற தண்ணீரைக் காப்பாற்றலாம். ஒழுகுவதை அறிவதற்கு உஷ்ணமானியை நம்பக்கூடாது. தண்ணீர் வற்றியபின் அது வெறும் ஆவியில் நின்றுகொண்டு பொய் சொல்லும். தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும் ஒரு மானியும் பலகையில் வேண்டும். முள் சரிந்தால் வால்வை மூடவேண்டியது. பிறகு இறங்கும் இடம் தேடவேண்டியது.

ஹோஸ்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் தொழில் தொடங்கியபோது எல்லாம் கறுப்பு ரப்பர். பிறகு நீல நிற சிலிகோன் ஹோஸ்கள் வந்தன. உஷ்ணத்துக்கு அவை அசைவதில்லை என்று எல்லாரும் மாறினார்கள். ஆனால் சிலிகோன் கிளாம்பின் கீழ் மெல்ல நசுங்கி மெலிந்துவிடும். கடுங்குளிரில் விமானம் கொட்டகையில் நிற்கும்போது உலோகமும் சுருங்க, இணைப்பில் துளித்துளியாகக் கசியும். எஞ்சின் சூடேறியதும் கசிவு நின்றுவிடும். காலையில் தரையில் ஒரு சொட்டுப் பச்சை நீரைப் பார்த்துவிட்டு, மாலையில் தேடினால் எங்கும் ஈரமில்லாமல் திகைத்தவர்கள் பலர். திருகு கிளாம்பை இன்னும் இறுக்கினால் அது ஹோஸை அறுக்கும். வில்சுருள் வைத்துத் தானே இழுத்துப் பிடிக்கும் கிளாம்புகளைப் போட்டபிறகுதான் இந்தத் தொல்லை ஒழிந்தது.

வெந்நீர் வெந்நீராகவே இருக்கவேண்டும் என்பது அடுத்த சங்கதி. ரோட்டரிக்காரர்களில் பலர், குளிர்ச்சி போதாது என்ற பயத்தில், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். மாஸ்டாவின் தெர்மோஸ்டாட்டுக்கு அடியில் இன்னொரு தட்டு உண்டு. மேல்வாய் திறக்கும்போது அது கீழே இருக்கும் குறுக்குவழியை மூடும். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு அந்தக் குறுக்குவழியை அடைக்காமல் விட்டால், தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலே சுற்றிக்கொண்டிருக்கும். கோடையில் எஞ்சின் காயும். அதை அடைத்துவிட்டால் கோடை பிழைக்கும். ஆனால் ஜனவரியில் தண்ணீர் 55 டிகிரிக்கு மேல் ஏறாது. மினசோட்டாவிலிருந்து ஒருவர், கோர் சிறியதாகிவிட்டது, பெரியது வேண்டும் என்று கேட்டு வந்தார். அவருடைய தண்ணீர் உஷ்ணம் என்ன என்று கேட்டேன். எண்ணெயின் உஷ்ணம் என்ன என்றும் கேட்டேன். இரண்டும் பரிதாபம். எண்ணெய் காயாமல் ஓடினால் அதில் சேரும் ஈரம் வெளியேறாது. கால் குளிருவதைவிட அது பெரிய கேடு. கோரைத் தொடவே இல்லை. தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டு, ரேடியேட்டர் முகத்தில் பாதியை அலுமினிய நாடாவால் மூடி அனுப்பினேன். வசந்தகாலம் வந்ததும் நாடாவை உரிக்கவேண்டும் என்று கருவிப் பலகையில் எழுதி ஒட்டச் சொன்னேன்.

பின் சக்கரம் வைத்த விமானங்களில் தனியாக ஒரு நுணுக்கம் இருக்கிறது. ரிச்சர்ட் வான்க்ரன்ஸ்வென் வடிவமைத்த ஆர்வி-4, ஆர்வி-6 போன்றவை தரையில் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும், பறக்கும்போது மட்டமாகிவிடும். தரையில் எது மிக உயரமான இடமோ அது ஆகாயத்தில் உயரமான இடம் அன்று. தரையில் நின்றபடியே தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழி வெளியேறிவிட்டது என்று திருப்தியோடு பறந்தால், கோரின் ஒரு மூலையில் ஒளிந்திருந்த குமிழி, விமானம் மட்டமானதும் நகர்ந்து புறப்படும். அது ஹீட்டரோடு நின்றால் நஷ்டம் குளிர் ஒன்றுதான். எஞ்சினுக்குள் போய், தீப்பொறிச் செருகியைச் சுற்றியுள்ள, எந்நேரமும் கொதிக்கும் அந்தப் பகுதியில் நின்றால், அங்கே உலோகம் நீரின்றிக் காய்ந்து வளையம் வேகும். ஆகவே வாலை ஒரு முக்காலியின் மேல் தூக்கிவைத்து, பறக்கும் நிலையிலேயே நிரப்பவேண்டும். கோரின் மேல்முனையில் காற்றை வெளியேற்ற ஒரு சிறு திருகு இருக்கவேண்டும். அதிலிருந்து நிரப்புத் தொட்டிக்கு ஒரு மெல்லிய குழாய் எப்போதும் மேல்நோக்கியே ஓடவேண்டும்.

எஞ்சினைப் பின்னால் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் விமானங்களுக்கு இந்த ஏற்பாடெல்லாம் பொருந்தாது. 1979-இல் மொஹாவே பாலைவனத்தில் பர்ட் ரூட்டன் பறக்கவிட்ட லாங்-ஈஸியும் அதன் வம்சத்து விமானங்களும் அப்படிப்பட்டவை. சூடு முதுகுக்குப் பின்னால் இருக்க, குளிர் காலுக்கு முன்னால் மூக்கில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நீண்ட குழாயில் சூடான காற்றை அனுப்பினால் போய்ச்சேருவதற்குள் ஆறிவிடும். சிலர் எண்ணெயை மூக்குவரை கொண்டுபோய் அங்கே ஒரு சிறு கூலரை வைக்கிறார்கள். அது வேலை செய்கிறது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அழுத்தத்தோடு ஓடும் சூடான எண்ணெயை இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தின் ஊடே கொண்டுபோவதற்கு என் மனம் இடம் கொடுத்ததில்லை. மோட்டார் சைக்கிள்காரர்கள் அணியும் மின்சாரச் சூட்டு உடுப்பு அவர்களுக்குப் போதும் என்று சொல்லி அனுப்புவேன். மேல் உடுப்பு நூறு வாட்டுக்கும் குறைவாகவே இழுக்கும். காருக்கென்று செய்த ஆல்டர்னேட்டருக்கு அது ஒரு சுமையே அல்ல.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்து முடித்த பிறகும் குளிர்கிறது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. என் ஆரம்ப வருஷங்களில் எனக்கும் இது புதிராக இருந்தது. சூட்டுக் குழாயின் வாயில் கையை வைத்தால் சுடுகிறது. விமானியின் தோளோ சில்லிட்டுக் கிடக்கிறது. ஒரு குளிர்காலத்தில், உள்ளே எங்கெங்கே திறப்பு உண்டோ அங்கெல்லாம் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டிவைத்துவிட்டு, ஓர் ஆர்வி-6-இல் பயணியாக உட்கார்ந்து போனேன். வால்பக்கத்தில் ஒட்டிய நூல்கள் எல்லாம் முன்னோக்கிப் படபடத்தன. பறக்கும்போது கண்ணாடிக் கூண்டின் வளைந்த முதுகின் மேல் காற்றழுத்தம் குறைகிறது. கூண்டின் விளிம்பில் உள்ள இடுக்குகள் வழியே அறைக்காற்று மேலே உறிஞ்சப்படுகிறது. அதை ஈடுசெய்வதற்கு, இறக்கையின் வேரில் ஐலெரான் தண்டு நுழையும் துவாரத்திலும், ஃப்ளாப்பின் இடுக்கிலும், வால்பகுதியின் ஒவ்வொரு திறப்பிலும் உறைந்த காற்று புகுந்து, இருக்கைக்குப் பின்னாலிருந்து கழுத்தில் பாய்கிறது. ஹீட்டர் இரண்டு கிலோவாட்டைக் கொண்டுவந்தால், அந்தத் துவாரங்கள் அதைத் தலைக்கு மேலேயே வெளியே அனுப்பிவிடுகின்றன. துவாரங்களுக்கு மெல்லிய தோலிலோ துணியிலோ தண்டு அசைய இடம்விட்டுச் சட்டை தைத்துப் போட்டு, இருக்கைக்குப் பின்னால் ஒரு தடுப்புத்துணியை இழுத்துக் கட்டியபோது, அதே ஹீட்டரை வைத்துக்கொண்டு அந்த விமானி கையுறையைக் கழற்றினார். ஆனால் எல்லாவற்றையும் இறுக அடைத்துவிட்டாலும் சங்கடம். வாய் கட்டிய சாக்குக்குள் ஊதுவதுபோல், வெளியேற வழியில்லாத அறைக்குள் சூடான காற்று நுழையவே நுழையாது. அழுத்தம் குறைவாக உள்ள ஓர் இடத்தைத் தேர்ந்து, விமானியைத் தாண்டிப் பின்னால், காற்று வெளியேற ஒரே ஒரு வாயில் வைக்கவேண்டும். சூடு காலில் தொடங்கி உடம்பைத் தழுவிக்கொண்டு பின்னால் போகவேண்டும்.

இப்போது ஆர்எக்ஸ்-7 எஞ்சின்கள் அருகிப்போய்விட்டன. 2003-இல் ஆர்எக்ஸ்-8 காரோடு வந்த ரெனிசிஸ் எஞ்சினில் புகைவாயிலைப் பக்கச் சுவருக்கு மாற்றியதால் குழாய் அமைப்பே வேறாகிவிட்டது. அறைக்குள் கார்பன் மோனாக்சைடு வருகிறதா என்று அறிய, பொட்டு வைத்த அட்டையின் நிறம் மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த இடத்தில், எண்ணைக் காட்டி அலறும் மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன. வெந்நீர்க் கோர் வைத்தவரானாலும் அந்தக் கருவி இல்லாமல் நான் யாரையும் அனுப்புவதில்லை, ஏனென்றால் புகை ஹீட்டர் வழியாகத்தான் வரவேண்டும் என்ற கட்டாயமில்லை. எஞ்சின் மூடியின் அடியிலிருந்து வெளியேறி, விமானத்தின் வயிற்றோடு ஒட்டிப் போய், நான் மேலே சொன்ன அதே வால் துவாரங்கள் வழியே முன்னே வரும்.

இந்த வருஷமும் வழக்கம்போல் ஒருவர் வந்திருக்கிறார். வடக்கு டகோட்டாக்காரர், ரெனிசிஸ் எஞ்சின், எண்ணெய்க் கூலருக்குப் பின்னால் வரும் காற்றை நேராக அறைக்குள் விட்டால் செலவில்லாமல் முடிந்துவிடுமே என்ற யோசனையோடு வந்தார். கூலரில் ஒரு கசிவு ஏற்பட்டால் அறை முழுவதும் எண்ணெய்ப் புகையாகும் என்பதை விளக்கியதும் ஏற்றுக்கொண்டார். கோருக்கு இப்போதே பணம் அனுப்பிவிடவா என்று கேட்டார். வேண்டாம், முதலில் இறக்கையின் வேரிலிருக்கும் இரண்டு துவாரங்களுக்கும் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு, இருக்கைக்குப் பின்னால் தடுப்பையும் கட்டி, ஹீட்டரே இல்லாமல் ஒருநாள் பறந்து பாருங்கள். எந்த அளவு கோர் வேண்டும் என்பதை அதன் பிறகு தீர்மானிப்போம் என்று சொல்லியிருக்கிறேன். தண்டு முழு வீச்சில் அசையும்போது துணி எங்கும் மாட்டிக்கொள்ளக் கூடாதாகையால், அளவெடுப்பதற்கு அவரோடு நானும் அடுத்த சனிக்கிழமை கொட்டகைக்குப் போகிறேன்.